பத்துக் கையெழுத்தும் ஒரு கையெழுத்தும்

என் வீட்டுக்காரர் சட்டமன்றத் தேர்தலுக்கு ஆறு முறை மனுத் தாக்கல் செய்தார், ஐந்து முறை நின்றார். மூன்று முறை ஜெயித்தார், இரண்டு முறை தோற்றார். நானும் ஆறு முறை மனுத் தாக்கல் செய்தேன், ஒரே ஒரு முறை நின்றேன். இந்தக் கணக்கில் அவருக்கு ஒன்று குறைகிறது, எனக்கு ஒன்று கூடுகிறது. அந்த ஒன்றைப் பற்றி இதுவரை யாரிடமும் நான் வாய் திறந்ததில்லை.

மாற்று வேட்பாளர் என்று ஒரு பிறவி உண்டு. கட்சி ஒருவரை நிறுத்தும்போது, அவருடைய மனுவில் ஏதாவது கோளாறு வந்து தள்ளுபடி ஆகிவிட்டால் சின்னம் அனாதையாகிவிடக் கூடாது என்று இன்னொருவரையும் மனுப் போட வைப்பார்கள். முதல் ஆளின் மனு ஏற்கப்பட்டதும் இரண்டாவது ஆளின் மனு தானாகச் செத்துவிடும். அது சாக வேண்டும் என்பதற்காகவே முன்மொழிய ஒரே ஒரு ஆளை வைத்துக் கையெழுத்து வாங்குவார்கள். கட்சியின் முதல் ஆளுக்கு ஒரு கையெழுத்து போதும். கட்சியின் தயவில்லாமல் மனு உயிரோடு இருக்க வேண்டுமென்றால் பத்துப் பேர் கையெழுத்து வேண்டும். சாம்பாரில் போடும் கறிவேப்பிலைதான் மாற்று வேட்பாளர். எங்கள் பக்கத்தில் அநேகமாக வேட்பாளரின் மனைவியைத்தான் போடுவார்கள். ஏன் என்று கேட்க வேண்டாம், பதில் உங்களுக்கே தெரியும்.

முதல் தேர்தல் வந்தபோது நான் ஆற்றங்கரையில் ஓர் அரசாங்க ஆரம்பப் பள்ளியில் டீச்சராக இருந்தேன். பதினொரு வருசச் சர்வீஸ். அரசாங்க வேலையில் இருந்துகொண்டு மனுப் போட முடியாது. வேலையை விட வேண்டும் என்றார் அவர். எனக்கு வந்த கோபத்தில் இரண்டு நாள் அடுப்பையே பற்ற வைக்கவில்லை.

"கோட்டி பிடிச்சிருக்கா அத்தான் ஒங்களுக்கு? ஒரு நாள் உசிரோட இருக்கப்போற தாளுக்காக நான் வேலைய விடணுமா?"

"ஏட்டி, வேற எவனையும் நம்ப முடியாது. மாத்துக்குப் போட்டவன் நம்ம காலையே வாரி விட்டுருவான். நீன்னா நான் நிம்மதியா ஒறங்குவேன்."

அவர் எனக்கு அத்தை மகன். சின்ன வயதிலிருந்தே அவர் ஒன்று கேட்டால் எனக்கு முடியாது என்று சொல்ல வராது. விட்டேன். அழுதுகொண்டேதான் விட்டேன், பெருமையாக ஒன்றும் விடவில்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு தேர்தலிலும் ஒரே சடங்குதான். ராகு காலம் கழித்து மனுத் தாக்கல். ஐந்து பேர்தான் உள்ளே போகலாம் என்பதால் வாசலில் எப்போதும் ஒரு தள்ளுமுள்ளு. அவர் எழுந்து நின்று உறுதிமொழி வாசிப்பார், கேமராக்கள் மின்னும். அவருக்குப் பின்னால் நான் வாசிக்கும்போது கேமராக்காரர்கள் வெளியே டீ குடிக்கப் போயிருப்பார்கள். பரிசீலனை நாளில் மத்தியானத்துக்குள் என் மனு தள்ளுபடி என்று அறிவிப்பார்கள். கட்சிக்காரர்கள் என்னைப் பார்த்துச் சிரித்துக் கும்பிடுவார்கள். அப்புறம் எல்லாருமாகப் போய்ச் சாப்பிடுவோம்.

அவர் கெட்ட எம்.எல்.ஏ. இல்லை. அதை முதலில் சொல்லிவிட வேண்டும். தொகுதி தாமிரபரணியின் இரண்டு கரையிலும் கிடக்கிறது. எந்த வாய்க்காலில் எந்த மடை, எந்த மடையில் எந்தப் பலகை உளுத்திருக்கிறது என்பதுவரை அவருக்குத் தெரியும். ஆளைப் பார்த்ததும் அவன் மாமனார் ஊரைச் சொல்லிக் கேலி செய்வார். கேலிதான் அவருக்கு மூலதனம். அதிகாரிகளையும் கேலியாலேயே வேலை வாங்குவார். எழுத்து மட்டும் அவருக்கு ஆகாது. சிபாரிசுக் கடிதம், மனு, சட்டசபையில் கேட்க வேண்டிய கேள்வி எல்லாம் நான் எழுதியவை. நான் தாளை நீட்டுவேன், விரலை வைத்து இடம் காட்டுவேன், அவர் கையெழுத்துப் போடுவார். ஒரு தாளைக்கூட அவர் வாசித்து நான் பார்த்ததில்லை.

ஐந்தாவது தேர்தலில் ஜெயித்து மூன்றாவது வருசம் மறதி ஆரம்பித்தது. முதலில் எனக்கே தெரியவில்லை. ஒரு நாள் விவசாயிகளும் பொதுப்பணித் துறை எஞ்சினீயரும் கூடியிருந்த இடத்தில், பிறந்ததிலிருந்து அவர் குளித்த வாய்க்காலைக் காட்டி, "இது எந்த வாய்க்கா?" என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள்.

"அண்ணாச்சி எஞ்சினீயரத்தான் குத்துதாவ வே!" என்றார் ஒரு பெரியவர். எஞ்சினீயர் முகம் சுருங்கிப்போய், ஒரு வாரத்தில் வாய்க்காலைத் தூர் வார ஏற்பாடு செய்தார்.

நானும் அன்றைக்குச் சிரித்தேன். வீட்டுக்கு வந்த பிறகு, "ஏட்டி, அது எந்த வாய்க்கா?" என்று என்னிடம் மறுபடியும் கேட்டார்.

ஜாதகம் பார்க்கப் போகிறோம் என்று டிரைவரிடம் பொய் சொல்லிப் பாளையங்கோட்டையில் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனேன். இது இன்னும் கூடத்தான் செய்யும், குறையாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். திரும்பி வரும்போது ஆற்றுப் பாலம் தாண்டியதும் காரை நிறுத்தச் சொல்லிக் கரைக்கு இறங்கினோம். அங்கே அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"யாருக்கும் தெரிய வேண்டாம். இன்னும் ஒருக்க நின்னு செயிச்சிட்டு நானே எறங்கிக்கிடுதேன். கோட்டின்னு பேரு வாங்கிட்டு வீட்ல கெடக்க என்னால முடியாதுட்டி. யார்ட்டயும் சொல்ல மாட்டேன்னு சொல்லு."

சொன்னேன். அந்த நிமிடத்தில் அவர் கேட்டிருந்தால் எதை வேண்டுமானாலும் சொல்லியிருப்பேன்.

ஒன்றரை வருசம் சமாளித்தோம். கூட்டத்துக்குப் போகுமுன் யார் யார் வருவார்கள் என்று சின்னச் சீட்டில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துவிடுவேன். பெயர் மறந்தால் கேலி பேசித் தப்பித்துக்கொள்வார். ஊரும் சிரித்தது. அவருடைய கேலியே அவருக்குத் திரை.

அந்தத் திரை கிழிந்தது ஒரு கார் நெல் சாகுபடியின்போது. ஆற்றில் தண்ணீர் குறைவு. மேல்மடை ஊர்க்காரர்கள் காலையில் வந்தார்கள், அந்த வார முறைத் தண்ணீர் உங்களுக்குத்தான் என்று சொல்லி அனுப்பினார். சாயங்காலம் கடைமடை ஊர்க்காரர்கள் வந்தார்கள், அதே தண்ணீரை அவர்களுக்கும் கொடுத்தார். நான் அன்றைக்கு ஒரு கல்யாண வீட்டுக்குப் போயிருந்தேன். மறுநாள் விடிந்ததும் மடையில் வைத்து இரண்டு ஊரும் மோதிக்கொண்டன. கடைமடை ஊரில் ஒருவருக்குக் கை ஒடிந்தது. மண்வெட்டியின் பின்பக்கத்தால் அடித்திருக்கிறார்கள். ஆஸ்பத்திரிக்கு நாங்கள் பார்க்கப் போனோம். அந்த ஆள் இவரைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் மனைவி மட்டும் சொன்னாள்.

"ரெண்டு பக்கமும் பேசிட்டு இப்ப ஆரஞ்சுப் பழத்தோட வந்திருக்கிய. நல்லா இருங்க."

காரில் ஏறியதும் இவர் என்னிடம், "பாவம், யாருட்டி அது? என்னத்துக்கு அடிச்சிக்கிட்டானுவ?" என்றார்.

அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. இவர் இன்னொரு முறை ஜெயித்தால் இதேதான் நடக்கும், இதைவிட மோசமாகவும் நடக்கும். ஒரு கை ஒடிவதோடு போகாது. அவரிடம் பையப் பைய எடுத்துச் சொன்னேன். இந்த முறை வேண்டாமே என்றேன். சொன்ன போதெல்லாம் சரி என்றார், மறுநாள் மறந்துவிட்டு வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு பிரச்சாரத்துக்குக் கிளம்பினார். கட்சியிடம் சொல்லலாம். சொன்னால் ஊர் முழுக்கத் தெரியும், அவருக்குக் கொடுத்த வாக்கு போகும். சொல்லாவிட்டால் ஓட்டுப் போடுகிற அத்தனை பேரையும் ஏமாற்றுகிறேன். இரண்டுக்கும் நடுவில் நான் ஒரு மூன்றாவது வழி கண்டுபிடித்தேன். என்னுடைய கெட்டிக்காரத்தனத்தைக் கொண்டுபோய் ஆற்றில் போட.

மாற்று வேட்பாளராக என் பெயரையே கட்சி மறுபடியும் எழுதி அனுப்பியிருந்தது. மனுத் தாக்கலுக்கு முந்தின நாள் நான் பழைய பள்ளிக்கூடத் தெருவுக்குப் போனேன். என்னிடம் படித்த பிள்ளைகள் அங்கே பத்துப் பதினைந்து பேர் இருக்கிறார்கள். இப்போது அவர்களுக்கே வயசுக்கு வந்த பிள்ளைகள் உண்டு. மடியில் முறத்தை வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தார்கள்.

"எதுக்கு டீச்சர்? அண்ணாச்சி நிக்காவல்லா?"

"சும்மா ஒரு பாதுகாப்புக்குத்தாம்மா."

"நீங்க சொன்னாச் சரி. எங்கன போடணும்னு மட்டும் காட்டுங்க."

பீடித் தூள் ஒட்டிய விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டு பத்துப் பேரும் போட்டார்கள். ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக, கோணாமல், நான் சொல்லிக்கொடுத்தபடியே இருந்தது. பார்த்தபோது எனக்குப் பெருமையாக இருந்தது. பாதுகாப்புக்கு என்று அவர்களிடம் சொன்னது பாதிதான் உண்மை. இருபத்தைந்து வருசம் கேமரா இல்லாத இடத்தில் நின்று உறுதிமொழி வாசித்தவளுக்கு ஆசையே இல்லை என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். இருந்தது. நன்றாகவே இருந்தது.

தாக்கல் அன்று அவர் உறுதிமொழியை நடுவில் நிறுத்திவிட்டார். நான் பின்னாலிருந்து அடுத்த சொல்லை எடுத்துக் கொடுத்தேன். வெயில் அப்படி என்று எல்லாரும் விசிறினார்கள்.

பரிசீலனை நாள். தேர்தல் அதிகாரி இளவயதுப் பெண், கறாரானவர். இவருடைய மனு ஏற்கப்பட்டது. எங்கள் ஆட்கள் எழுந்து கிளம்பப் போனார்கள். மாற்று வேட்பாளருக்குப் பத்துப் பேர் முன்மொழிந்திருப்பதால் அந்த மனுவும் ஏற்கப்படுகிறது என்றார் அதிகாரி. ஒன்றியச் செயலாளர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். முதல் தேர்தலிலிருந்து எங்களோடு இருக்கிற மனிதர், அண்ணன் மனைவி முறை வைத்து என்னை மயினி என்றுதான் கூப்பிடுவார்.

"மயினி, என்ன சோலி பாத்துட்டிய? பத்துப் பேர்ட்ட எதுக்கு வாங்கினிய?"

"தெரியாம வாங்கிட்டேன்."

"இருபத்தஞ்சு வருசமா மனு எழுதுத ஒங்களுக்கா தெரியாது?"

நான் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்துக் கைதட்டிக்கொண்டிருந்தார். "என் வீட்டுக்காரி மனுவையும் ஏத்துட்டாங்களே!" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சந்தோசமாகச் சொன்னார். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது எனக்கு.

வாபஸ் வாங்க இரண்டு நாள் இருந்தது. நான் வாபஸ் வாங்கினால் அவர் நிற்பார். அவர் வாபஸ் வாங்கினால் சின்னம் எனக்கு வரும். செயலாளர் என் பெயருக்கு வாபஸ் படிவத்தைத் தயார் செய்து கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார். நான் இன்னொரு படிவத்தில் அவர் பெயரை எழுதினேன். இரண்டையும் ஒரே பைக்குள் வைத்துக்கொண்டேன். எதை எடுக்கப் போகிறேன் என்று அப்போது எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது.

கடைசி நாள் காலையில் ஒரு தெருமுனையில் பேசினார். ஆற்றுக்கு அந்தப் பக்கம் போக உங்களுக்கு ஒரு பாலம் கட்டித் தருவேன், இது என் வாக்குறுதி என்றார். அந்தப் பாலத்தை அவரே கட்டித் திறந்து இரண்டு தேர்தல் ஆகிவிட்டது. அவர் நின்று பேசிய ஜீப்பே அதன் வழியாகத்தான் வந்திருந்தது. கூட்டம் வயிறு குலுங்கச் சிரித்துக் கைதட்டியது. "அண்ணாச்சி நக்கல் யாருக்கு வரும்!" என்றான் ஒருவன். சிரிப்பு ஏன் வருகிறது என்று புரியாமல் அவரும் சிரித்தார். அவர் கண் மட்டும் கூட்டத்தில் என்னைத் தேடியது. பயந்த கண். அப்போது முடிவு செய்தேன்.

"அத்தான், ஆபீஸ்ல ஒரு கையெழுத்துப் போடணும், வாரியளா?"

"போவோமே. அதுக்கென்ன."

அதிகாரி மேஜைமேல் தாளை விரித்தேன். அவர் பேனாவைத் திறந்தார்.

"எங்கனட்டி?"

விரலை வைத்து இடம் காட்டினேன். போட்டார். அதிகாரி தாளைப் பார்த்துவிட்டு அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"சார், நீங்களா விரும்பித்தான் வாபஸ் வாங்குறீங்களா?"

வாபஸ் என்ற சொல் அவர் காதில் விழுந்தது. விழாமல் இல்லை. அவர் அதிகாரியைப் பார்க்கவில்லை, என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் மேஜையில் இருந்த பேப்பர் வெயிட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அவ எழுதினா சரியாத்தான் இருக்கும்," என்றார்.

காரில் ஏறிய பிறகு, "இன்னைக்கு மத்தியானத்துக்கு மேல எந்த ஊரு?" என்று கேட்டார். இன்றைக்கு ஓய்வு என்றேன்.

மனைவிக்கு வழிவிட்டார் என்று பேப்பரில் போட்டார்கள். புருசன் சீட்டைப் பறித்தவள் என்று எதிர்க்கட்சி பேசியது. எதிர்க்கட்சி சொன்னதுதான் எடுபட்டது. போகிற தெருவிலெல்லாம் அண்ணாச்சி எங்கே என்று கேட்டார்கள். உடம்பு சரியில்லை என்று ஒரு வார்த்தை உடைத்துச் சொல்லியிருந்தால் அனுதாபத்திலேயே நான் ஜெயித்திருப்பேன் என்று செயலாளர் இன்றைக்கும் சொல்கிறார். விசயத்தை ஊகித்தவர் அவர் ஒருவர்தான். ஆனால் யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று வீட்டுக்காரருக்கு வாக்குக் கொடுத்திருந்தேனே. அவருடைய சீட்டை எடுத்துக்கொண்டேன், வாக்கை மட்டும் காப்பாற்றினேன். இப்படியும் ஒரு உத்தமி உண்டா?

கடைமடை ஊரில் அந்தக் கை ஒடிந்தவரின் மனைவி ஆரத்தித் தட்டோடு நிற்கிற பெண்களுக்கு நடுவில் வெறுங்கையோடு நின்றாள். "நீங்க எந்தப் பக்கம் பேசுவிய?" என்று கேட்டாள். அவளிடமாவது சொல்லியிருக்க வேண்டும். அவளுக்கு அதைக் கேட்க உரிமை உண்டு. கும்பிட்டுவிட்டு அடுத்த தெருவுக்குப் போனேன். அந்த ஊர்ப் பெட்டிகள்தான் என்னைத் தோற்கடித்தன. கொஞ்ச ஓட்டில் தோற்றேன்.

எண்ணுகிற இடத்திலிருந்து வீட்டுக்கு வந்தபோது அவர் வெள்ளைச் சட்டை போட்டு முன்னறையில் உட்கார்ந்திருந்தார். "ரிசல்ட் வந்துட்டா?" என்றார். நான் களைப்பில் உள்ளதைச் சொல்லிவிட்டேன். நீங்கள் நிற்கவில்லை, நான்தான் நின்றேன், தோற்றுப்போனேன் என்றேன்.

"நான் ஏன் நிக்கல?" என்று கேட்டார். "யார் என்னை வேண்டாம்னது? கட்சியா? ஊரா? ஏட்டி, யாரு?"

அன்றைக்கு முழுக்க அதையே கேட்டார். தொண்டை கட்டும்வரை கேட்டார். நான் அவர் காலடியில் உட்கார்ந்து, நான்தான் அத்தான், நான்தான் என்று எத்தனையோ முறை சொன்னேன். அது மட்டும் அவர் காதில் ஏறவே இல்லை. நான் அப்படிச் செய்வேன் என்று நம்ப அவரால் முடியவில்லை.

மறுநாள் காலையில் எல்லாம் மறந்து, "ரிசல்ட் வந்துட்டா?" என்று மறுபடியும் முதலிலிருந்து கேட்டார். அதை இன்னொரு தடவை தாங்க எனக்குத் தெம்பில்லை. "வந்துட்டு அத்தான். தோத்துட்டோம்," என்றேன். அழவில்லை. பழைய தோல்விகளில் எப்படி இருந்தாரோ அப்படியே சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார்.

அன்றிலிருந்து இதுதான். தினமும் காலையில் கேட்கிறார், தினமும் அவர் தோற்றுவிட்டதாகச் சொல்கிறேன். அவர் கணக்கில் இப்போது ஆறு தேர்தல், மூன்று வெற்றி, மூன்று தோல்வி. என்னுடைய தோல்வியையும் அவர் பேரிலேயே எழுதிவிட்டேன். அவரும் வாசிக்காமலேயே ஏற்றுக்கொண்டார்.

இன்றைக்குக் காலையிலும் கேட்டார். காப்பியை ஆற்றிக்கொண்டே சொன்னேன். அவர் என் தலையில் கையை வைத்தார்.

"சவத்த விடு, அழாத. தப்பு என் பேர்லதான். இந்தத் தடவ நான் நின்னிருக்கக் கூடாது. ஒன்ன நிக்க வச்சிருக்கணும். நீ நின்னிருந்தா செயிச்சிருப்படி."

காப்பி ஆறிப்போகும், குடியுங்கள் என்றேன்.